பூங்காவைக் கேட்டது யார்?

அன்று அந்தக் கூட்ட அறையில் நான் சொல்லாமல் விட்டது இதுதான்: “அந்தப் பெண்கள் பூங்கா கேட்கவில்லை சார். கழிப்பறை கேட்டார்கள்.” ஒரே மூச்சில் சொல்லி முடித்திருக்கலாம். அதற்குப் பதிலாக “ஆமாம் சார்” என்றேன். தேநீர் வந்தது, முந்திரி பிஸ்கட்டும் வந்தது. ஆறு இயக்குநர்களும் அடுத்த பக்கத்தைப் புரட்டினார்கள். நான் பேனாவை மூடி வைத்தேன்.

நாளைக் காலை நீ விசாகப்பட்டினத்துக்கு ரயில் ஏறுகிறாய். முதல் வேலை. உன் அப்பா உன் பெட்டியை மூன்று தடவை கட்டி அவிழ்த்துவிட்டார். ரயில்வேயில் இத்தனை வருஷம் வேலை பார்த்தவருக்கு ஒரு பெட்டியை எப்படிக் கட்டுவது என்று திடீரென்று மறந்துவிட்டதுபோல் இருக்கிறது. நான் அந்தப் பக்கம் போகாமல் இங்கே உட்கார்ந்து எழுதுகிறேன். பத்தொன்பது வயதில் உன்னைப் பெற்றவள் நான். பள்ளிக்கூட வாசலில் உன் நண்பர்கள் என்னை உன் அக்கா என்றே நினைத்தார்கள். ஒருவகையில் நாம் இரண்டு பேரும் சேர்ந்துதான் வளர்ந்தோம். நீ வாய்ப்பாடு எழுதிய அதே மேசையில்தான் நான் கம்பெனிச் சட்டம் படித்தேன். நீ தூங்கி விழுந்தால் நான் எழுப்புவேன், நான் தூங்கி விழுந்தால் நீ எழுப்புவாய். வீட்டுப் பேச்சை வெளியே கொண்டுபோகாதவள் நான் என்பது உனக்குத் தெரியும். ஆனாலும் இதை நாலு பேர் படிக்கும் இடத்தில் வைக்கச் சம்மதித்தேன். உன்னைப்போல முதல் வேலைக்குப் போகிற பிள்ளைகள் நம் ராயபுரத்தில் தெருவுக்குப் பத்துப் பேர் இருக்கிறார்கள். அவர்களும் ஒரு நாள் அப்படி ஓர் அறையில் உட்காரத்தான் போகிறார்கள்.

என் வேலை என்ன என்று கேட்பவர்களிடம் நீ “மீட்டிங்ல எழுதுறாங்க” என்று சொல்வாய். அது சரிதான். கம்பெனிச் செயலாளர் என்பவள் இயக்குநர் குழுக் கூட்டத்தில் யார் என்ன சொன்னார்கள், என்ன முடிவானது என்பதைப் பதிவு செய்பவள். அந்தப் பதிவுக்கு மினிட்ஸ் என்று பெயர். ஆனால் எங்கள் மணலி அலுவலகத்தில் ஒரு பழக்கம் இருந்தது. அது எங்களுக்கு மட்டுமே உள்ள பழக்கம் இல்லை என்று பிறகு தெரிந்துகொண்டேன். மினிட்ஸைக் கூட்டத்துக்கு முன்பே எழுதிவிடுவோம். ‘விவாதத்துக்குப் பின் ஒருமனதாக நிறைவேற்றப்பட்டது’ என்ற வரியை விவாதம் தொடங்குவதற்கு இரண்டு நாள் முன்பே தட்டச்சு செய்துவிடுவேன். பிறகு கூட்டம் அந்தக் காகிதத்தைப் பின்பற்றி நடக்கும். ஆறு ஆண்டுகள் அப்படித்தான் நடந்தது, ஒருதடவைகூடக் காகிதம் தப்பானதில்லை. அதை என் திறமை என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

நீ பன்னிரண்டாம் வகுப்புப் படித்த வருஷம் அது. சட்டப்படி லாபத்தில் ஒரு பங்கைக் கம்பெனி ஊருக்குச் செலவிட வேண்டும். அந்த வருஷம் அது பெண்களுக்கான திட்டமாக இருக்கட்டும் என்று முடிவாகியிருந்தது. என்ன தேவை என்று பார்த்துவர என்னை எண்ணூர்ப் பக்கம் அனுப்பினார்கள். கன்டெய்னர் லாரிகள் வரிசைகட்டி நிற்கிற சாலையோரத்தில், பழைய மீன்பெட்டிகளைப் போட்டு உட்கார்ந்து இருபது இருபத்தைந்து பெண்கள் மீன் விற்றுக்கொண்டிருந்தார்கள். அவர்களில் மூத்தவர் தேசம்மா. நான் நோட்டைத் திறந்ததும் அவர் என்னைக் கொஞ்சமும் சட்டை செய்யாமல் வவ்வால் மீனுக்குச் செதில் சீவிக்கொண்டே பேசினார்.

“எய்திக்கோ. விடிகாலைல காசிமேட்ல மீன் எடுத்துக்கினு வந்து இங்க குந்துறோம். ஒரு சொட்டுத் தண்ணி குடிக்க மாட்டோம். குடிச்சா எங்க போறது? லாரிக்கு அந்தாண்டயா? டிரைவருங்கோ பல்லு வெளக்கிகினு நிப்பானுங்கோ.”

பக்கத்துப் பெட்டிக்காரி சிரித்தாள். “அக்கா ஒரு தபா லாரிக்குப் பின்னால குந்திச்சு, லாரி நவுந்துடுச்சும்மா.”

“நீ சும்மா கெட. மானம் போனது எனக்கு, சிரிப்பு உனக்கு.” தேசம்மாவும் சிரித்துவிட்டார். பிறகு சிரிக்காமல் சொன்னார். “பத்து மணிக்கு மேல தாங்காதும்மா. கூடைல பாதி மீன் கீதோ முக்கா மீன் கீதோ, வந்த வெலைக்குத் தள்ளிட்டு வூட்டுக்கு ஓடணும். டாக்டரம்மா தண்ணி குடி தண்ணி குடின்றாங்கோ. அவுங்க ரூம்புல கக்கூஸு கீது, சொல்றாங்கோ. எங்களுக்கு நாலு கதவு கட்டிக் குடுங்க. வேற ஒண்ணியும் வாணாம்.”

எனக்கு அதை யாரும் விளக்கத் தேவையில்லை. தொழிற்சாலையில் நான் சேர்ந்த முதல் வருஷம், பெண்களுக்கான கழிப்பறை கேன்டீன் கட்டடத்துக்குப் பின்னால் இருந்தது. அதன் சாவி செக்யூரிட்டியிடம் இருந்தது. அந்த ஆள் முன்னால் போய் நின்று கையை நீட்டுவதற்குப் பயந்து மாலை வரை தண்ணீர் குடிக்காமல் இருந்திருக்கிறேன். தேசம்மா சொன்னது ஒவ்வொன்றும் என் உடம்புக்குத் தெரியும். அதையெல்லாம் இரண்டு பக்கத்தில் நன்றாகத்தான் எழுதினேன்.

எங்கள் எம்.டி. அதைப் படித்தார். அவர் கெட்டவர் இல்லை. என் கடைசித் தேர்வுக்குச் சம்பளத்தோடு ஒரு மாதம் விடுப்பு கொடுத்தவர், உன் பத்தாம் வகுப்பு மதிப்பெண்ணைக் கேட்டு ஸ்வீட் வாங்கி அனுப்பியவர். அவர் காகிதத்தைக் கீழே வைத்துவிட்டு, “நம்ம கம்பெனி பேரை எங்கம்மா போடுறது? கக்கூஸ் கதவு மேலயா?” என்றார். பிறகு, அதே சாலையின் முனையில் ஒரு மகளிர் பூங்கா கட்டலாம், நீரூற்று வைக்கலாம், வாசலில் ஒரு வளைவு நிற்கும் என்றார். “அந்த ரெண்டு பக்கத்தை எடுத்துடு. நீ போய்ப் பார்த்த, பேசின. அது போதும்.” எடுத்துவிட்டேன். அன்று மாலையே மினிட்ஸையும் எழுதிவிட்டேன். பூங்காத் திட்டம், விவாதத்துக்குப் பின், ஒருமனதாக.

எங்கள் ஆறு இயக்குநர்களில் பெண் ஒருவர்தான், வசந்தா மேடம். எம்.டி.யின் காலமான அண்ணனுடைய மனைவி. எங்களைப் போன்ற கம்பெனியில் ஒரு பெண்ணாவது இயக்குநராக இருக்க வேண்டும் என்று சட்டம் வந்தபோது வீட்டிலிருந்தே ஒருவரைக் கொண்டுவந்து உட்காரவைத்தார்கள். அவர் வருவார், சொன்ன இடத்தில் கையெழுத்துப் போடுவார், போவார். அலுவலகத்தில் அவருக்கு ‘பிஸ்கட் டைரக்டர்’ என்று ஒரு பெயர் இருந்தது. அந்தப் பெயரை வைத்தது யார் என்று நீ ஒருமுறை கேட்டாய், நான் பதில் சொல்லவில்லை. நான்தான் வைத்தேன், தம்பி. பெண்ணே பெண்ணை இப்படிச் சொல்வாளா என்று நீ முகம் சுளிப்பாய் என்று பயந்து மறைத்தேன். கூட்டம் முடிந்ததும் மேசையில் கிடக்கும் காகிதங்களைச் சேர்த்து அழிக்கும் இயந்திரத்தில் போடுவதும் என் வேலைதான். அவருடைய காகிதங்களில் மட்டும் ஓரங்களில் பென்சிலால் எதையோ எழுதியிருப்பார். காய்கறிக் கணக்கு என்று நினைத்துக்கொள்வேன். ஒருநாளும் படித்துப் பார்த்ததில்லை.

அந்தக் கூட்டத்தில் அவர் முதல்முறையாக வாயைத் திறந்தார். “இந்தப் பூங்காவை யார் கேட்டாங்க?”

மற்றவர்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். எம்.டி. சிரித்துக்கொண்டே, “நம்ம செக்ரட்டரி நேர்ல போய் அந்த லேடீஸ்கிட்ட பேசிட்டு வந்தாங்க அண்ணி. இல்லையாம்மா?” என்றார்.

போனது உண்மை, பேசியதும் உண்மை. எனவே, “ஆமாம் சார்.” வசந்தா மேடம் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு கண்ணாடியைக் கழற்றிப் பெட்டிக்குள் வைத்தார். ஒரு பெண் ஆறு வருஷம் கழித்து ஒரு கேள்வி கேட்டாள். எம்.டி.யைத் தவிர அதற்குப் பதில் தெரிந்த ஒரே ஆள் அந்த அறையில் இருந்த இன்னொரு பெண். அவள்தான் அந்தக் கேள்வியைச் சாகடித்தாள். ஆண்கள் யாரும் அதற்குச் சிரமப்படவே இல்லை.

மினிட்ஸின் நகலை எல்லா இயக்குநர்களுக்கும் அனுப்பி, திருத்தம் இருந்தால் சொல்லச் சொல்ல வேண்டும். யாரும் எப்போதும் எதுவும் சொல்வதில்லை. ஆனால் அடுத்த வாரம் ஞாயிற்றுக்கிழமை, கோயிலில் பூசை முடிந்து வந்து நான் குழம்பு கூட்டிக்கொண்டிருந்தபோது வசந்தா மேடம் போனில் கூப்பிட்டார். “நான் ஒரு கேள்வி கேட்டேனேம்மா, அது இதுல இல்லையே. என் கேள்வியைச் சேருங்க. அதுக்கு நீங்க சொன்ன பதிலையும் சேருங்க.” அவ்வளவுதான். கோபமாகக்கூடச் சொல்லவில்லை.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. வாயால் சொன்ன ‘ஆமாம்’ காற்றோடு போய்விட்டது என்று நினைத்திருந்தேன். இப்போது அதை என் கையாலேயே எழுத வேண்டும். பக்க எண் போட்ட, ஒட்டிப் பாதுகாக்கிற, கம்பெனி இருக்கிற வரைக்கும் அழியாத புத்தகத்தில் எழுத வேண்டும். எழுதினால் பொய்யைப் பதிவு செய்தவள் ஆவேன். உண்மையை எழுதினால் வேலை போகலாம். சாப்பாட்டு நேரத்தில் உங்கள் இரண்டு பேரிடமும் எல்லாவற்றையும் கொட்டினேன். உன் அப்பா சோற்றைப் பிசைந்தபடியே கேட்டுக்கொண்டிருந்தார். நீ மட்டும் கேட்டாய்: “அவங்க கேட்டாங்கல்ல, நீ இன்னாத்துக்குச் சும்மா இருந்த?”

“உனக்காகத்தாண்டா. உன் காலேஜ் முன்னாடி நிக்குது.”

நீ தட்டிலிருந்து கையை எடுத்தாய். “என் பேர இன்னாத்துக்கு மா இழுக்குற? நானா உன்ன வாய மூடச் சொன்னேன்? பயந்துட்டேன்னு சொல்லு, முடிஞ்சிது. நாளைக்கு அந்தப் பார்க் வாசல்ல நான் நிக்கணுமா, என்னாலதான் இது வந்துச்சின்னு?”

உன் அப்பா, “டேய், அம்மாகிட்ட இப்டியா பேசுவ?” என்று அதட்டினார். நீ மன்னிப்புக் கேட்டாய். கேட்டிருக்க வேண்டியதில்லை. அதற்கு முன்னும் பின்னும் எத்தனையோ பேர் எனக்கு எத்தனையோ நல்லது செய்திருக்கிறார்கள், மகனே. மூன்று வருஷம் சமைத்துப்போட்டு என்னைப் படிக்கவைத்த உன் அப்பாவும் அதில் சேர்த்தி. ஆனால் என் பயத்துக்கு ‘பிள்ளை’ என்று பெயர் வைத்திருந்தேன். அந்தப் பெயரைப் பிய்த்து எறிந்து கையில் கொடுத்தது நீதான். பயம் தன் சொந்தப் பெயரோடு நிற்கும்போது அது அவ்வளவு பெரிதாக இல்லை. அதைச் சொல்லி உனக்கு நன்றி தெரிவிக்க எனக்கு நான்கு வருஷம் ஆகியிருக்கிறது.

மறுநாள் அலுவலகத்துக்குப் போகும் வழியில் வசந்தா மேடம் வீட்டுக்குப் போனேன். நடந்ததைச் சொன்னேன். அந்த இரண்டு பக்கத்தையும் கொடுத்தேன். அவர் நின்றபடியே படித்து முடித்தார்.

“அன்னைக்கே ஏன் சொல்லல?”

“நீங்க ஒரு கேள்வி கேட்டுட்டு, அப்புறம் கையெழுத்துப் போட்டுடுவீங்கன்னு நினைச்சேன் மேடம்.”

அவர் கோபப்படவில்லை. “நானும் உங்களைப் பத்தி அப்படித்தாம்மா நினைச்சேன். சொன்னதை எழுதுற பொண்ணுன்னு.” பிறகு கேட்டார்: “என் பேப்பர்லாம் என்ன பண்றீங்க? ஓரத்துல எழுதி வெச்சுட்டு வர்றேனே. எதுக்குமே பதில் வராதா?” நான் நின்ற இடத்திலேயே கூசிப்போனேன். ஆறு வருஷமாக அவர் எனக்கு எழுதிக்கொண்டிருந்திருக்கிறார். கூட்டத்தில் கேட்கக் கூச்சம். செயலாளர் படித்துப் பார்த்து யாரிடமாவது சொல்வாள் என்று நம்பிக்கை. நான் அவற்றைத் துண்டு துண்டாக்கிக் கோணியில் கட்டிப் பழைய பேப்பர்காரருக்குக் கொடுத்துக்கொண்டிருந்தேன்.

அந்த வாரமே அவர் தன் காரில் என்னை ஏற்றிக்கொண்டு எண்ணூருக்கு வந்தார். தேசம்மா என்னைப் பார்த்ததும் கத்தியை நிறுத்தாமல் ஆரம்பித்தார். “இன்னாம்மா, போன தபா அம்மாம் எய்திக்கினு போனியே, நோட்டு ஆத்துல வுயுந்துடுச்சா? அந்த மூலைல பார்க்கு கட்டப் போறாங்களாமே. நாங்க கூடையத் தூக்கிகினு போய் ஊஞ்சல் ஆடணுமா?”

“தப்பு என்னுதுக்கா,” என்றேன்.

“அத்த வுடு. இவுங்க யாரு?”

“கம்பெனி டைரக்டர்.”

தேசம்மா மேடத்தை மேலும் கீழும் பார்த்தார். “பொம்பள டைரக்டரா? அப்ப குந்தும்மா. பத்து மணி வரைக்கும் எங்கூட குந்திப் பாரு. அப்பால நீயே சொல்லு.”

வசந்தா மேடம் பட்டுப்புடவையை ஒதுக்கிக்கொண்டு ஒரு மீன்பெட்டி மேல் உட்கார்ந்தார். பத்து மணிக்குள் இரண்டு முறை என்னிடம் நேரம் கேட்டார். மூன்றாவது முறை எதுவும் கேட்காமல் எழுந்து காருக்குப் போனார். அன்று அவர் வேறு எந்த ஆய்வும் செய்யவில்லை. செய்யத் தேவையும் இருக்கவில்லை.

அடுத்த கூட்டத்துக்கு மினிட்ஸ் எழுதாமல் போனேன். வெறும் நோட்டும் பேனாவும்தான். இரண்டு பக்க அறிக்கை எல்லோர் முன்னாலும் இருந்தது. எம்.டி. அதைப் பார்த்துவிட்டு, “இதை நீங்க என்கிட்ட சொல்லவே இல்லையேம்மா,” என்றார்.

“சொன்னேன் சார். எடுத்துடச் சொன்னீங்க. எடுத்தது என் தப்பு. போன கூட்டத்துல மேடம் கேட்டப்ப ஆமாம்னு சொன்னதும் என் தப்பு. அவங்க பூங்கா கேக்கல.”

பிறகு வசந்தா மேடம் தன் பென்சில் குறிப்புகளைப் பார்த்துப் பார்த்து, தடுமாறித் தடுமாறி, இருபது நிமிஷம் பேசினார். அழகான பேச்சு இல்லை. ஆனால் காலை முதல் பத்து மணி வரை அங்கே உட்கார்ந்தவர் பேச்சு. கடைசியில் எம்.டி. “சரி, ஓட்டுக்கு விடலாம்” என்றார். வங்கியிலிருந்து ஓய்வுபெற்ற ஓர் இயக்குநர், எப்போதும் பாதித் தூக்கத்தில் இருப்பவர், “பொம்பளைங்களுக்குக் கக்கூஸ் வேணும்னு ஓட்டெடுத்துத்தான் கண்டுபிடிக்கணுமா? போடுங்கப்பா எனக்கு ஒரு டிக்கு,” என்றார். நான்கு பேர் ஆதரவு, இரண்டு பேர் எதிர்ப்பு. யார் யார் என்று பெயரோடு எழுதினேன். போன கூட்டத்தின் மினிட்ஸில் மேடத்தின் கேள்வியையும் என் ‘ஆமாம்’ என்ற பதிலையும் சேர்த்தேன். எங்கள் புத்தகத்தில் எதிர்ப்பு ஒன்று பதிவானது அதுவே முதல்முறை.

நீ போகிற இடத்தில் உன்னை இப்போதைக்கு மூலையில்தான் உட்காரவைப்பார்கள். பரவாயில்லை, மூலையிலிருந்து அறை முழுவதும் தெரியும். அங்கே ஒரே ஒரு பெண் இருந்தால், அவள் பேசவில்லை என்பதை வைத்து அவளிடம் சொல்ல எதுவும் இல்லை என்று முடிவு கட்டிவிடாதே. அவள் பேசும்போது பதில் உனக்குத் தெரிந்திருந்தால் அவள் இரண்டாவது முறை கேட்கக் காத்திராதே. அந்த இரண்டாவது முறை பெரும்பாலும் வராது. ஊருக்கு நல்லது செய்கிறோம் என்று யாராவது படம் போட்டுக் காட்டினால், இதைக் கேட்டது யார் என்று கேள். கேட்பது மரியாதைக் குறைவு இல்லை. இதையெல்லாம் நான் படித்த எந்தப் புத்தகமும் எனக்குச் சொல்லவில்லை. நிறையப் படித்திருக்கிறேன் என்ற கர்வம்தான் நான் பென்சில் எழுத்தைப் படிக்காமல் போனதற்கே காரணம் என்று இப்போது தோன்றுகிறது. உனக்கு அந்தக் கர்வம் இல்லை. கோபம்தான் கொஞ்சம் உண்டு. அது இருக்கட்டும், அந்த ஞாயிற்றுக்கிழமை அது எனக்கு உதவியது.

எனக்கு வேலை போகவில்லை. அடுத்து வரவேண்டிய பதவி உயர்வு மட்டும் வேறொருவருக்குப் போனது. எம்.டி. இப்போதும் என்னிடம் மரியாதையாகத்தான் பேசுகிறார், முன்பைவிடக் கொஞ்சம் குறைவாகப் பேசுகிறார். இதில் எதற்கும் எனக்கு வருத்தம் இல்லை என்று சொன்னால் நீ நம்பமாட்டாய். வருத்தம் உண்டு, நன்றி அதைவிடக் கூட உண்டு. தேசம்மாவுக்கு, அந்தத் தூக்கக்கார இயக்குநருக்கு, கோபமில்லாமல் என்னைக் கூப்பிட்ட அந்தப் பெண்மணிக்கு, உனக்கு. சாப்பாட்டை நேரத்துக்குச் சாப்பிடு. அங்கேயும் கடல் பக்கம்தான், உப்புக் காற்றுக்கு உன் சட்டைகள் சீக்கிரம் சாயம் போகும், கறுப்பு வாங்காதே.

மாநகராட்சி அனுமதி வர எட்டு மாதம் ஆனது. அதற்குள் வசந்தா மேடத்தின் பதவிக்காலம் முடிந்தது. ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் அவர் பெயரை யாரும் முன்மொழியவில்லை, எம்.டி.யின் மருமகளை நியமித்தார்கள். கட்டடம் அதற்கடுத்த தை மாதம் திறந்தது. திறப்பு விழாவுக்கு மேடத்தை அழைக்கவில்லை. அவர் மறுநாள் தனியாகப் போய்ப் பார்த்துவிட்டு வந்தார். இப்போது அந்தப் பெண்கள் மதியம் இரண்டு மணி வரை அங்கே உட்கார்ந்து மீன் விற்கிறார்கள்.